இடமில்லை என்றது கணிப்பொறி

சென்ற திங்களில் ஓரிரவு நான் செய்த பிழையை இங்கே எழுதுகிறேன். பிறர் அதைச் செய்யாதிருக்கவே எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பழைய லினக்ஸ் கணிப்பொறி ஒன்று உண்டு. அறுவர் அதைப் பயன்படுத்துகிறோம். நிரல் எழுதிக்கொண்டிருந்தபோது, ‘சாதனத்தில் இடமில்லை’ என்ற செய்தி திரையில் தோன்றியது. வட்டு நிறைந்துவிட்டது என்று எண்ணி, என் பழைய அளவீடுகளை அழித்தேன். மூன்று வாரத்து உழைப்பு அது. அழித்த பின்னரும் அதே செய்தி! அதற்குப் பிறகுதான் வட்டைப் பார்த்தேன். பாதிக்கு மேல் வெற்றிடம்!

உண்மை என்ன? கோப்பு மாறினால் உடனே செயலிக்குத் தெரிவிக்கும் ஐநோட்டிஃபை என்னும் ஏற்பாடு, 2005-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. ஒரு கோப்புறைக்கு ஒரு காவலன் வேண்டும். அதனுள் இருக்கும் கோப்புறைக்கு வேறொரு காவலன் வேண்டும். ஒருவர் எத்தனை காவலரை அமர்த்தலாம் என்பதற்கு வரம்பு உண்டு. நெடுங்காலம் அவ்வரம்பு 8192. அது தீர்ந்தாலும், வட்டு நிறைந்தபோது சொல்வதையே கெர்னல் சொல்கிறது. இரு நோய்க்கும் ஒரே பெயர் வைத்தால் மருந்து பிழைக்காதா?

வரம்பை 524288 ஆக உயர்த்து என்பர் பலர். நிர்வாகி ஒரு வரி எழுதினால் போதும். ஆயினும் அது முதல் மருந்து அன்று என்பேன். ஒரு காவலனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோபைட் நினைவகம் செலவாகும். அத்தனை பேரையும் ஒருவர் அமர்த்தினால் அரை கிகாபைட். அறுவரும் அமர்த்தினால் மூன்று கிகாபைட்! பொதுக்கிணற்றில் நீர் இறைப்பவன் அடுத்தவன் குடத்தையும் நினைக்க வேண்டும். 2021-இல் வந்த 5.11 பதிப்பு முதல், நினைவகத்தில் நூற்றில் ஒரு பங்கைக் கணக்கிட்டே கெர்னல் வரம்பை வகுக்கிறது. அளவறிந்து கொடுக்கும் அந்த முறை நன்று.

நான் செய்தது எளிது. ஆயிரக்கணக்கான கோப்புறைகள் கொண்ட என் தரவுப் பகுதியைக் காவலிலிருந்து விலக்குமாறு செயலிக்குச் சொன்னேன். தொல்லை தீர்ந்தது. உண்மையான தேவை இருப்பின் வரம்பை உயர்த்துங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உயர்த்துமுன் எண்ணுங்கள். அழிக்குமுன் அளந்து பாருங்கள். என் மூன்று வாரம் இனித் திரும்பாது; உங்களுடையதாவது தப்பட்டும்!