தலைக்கணக்கும் தரக்கணக்கும்

நேயர் எண்ணிக்கை எந்த வானொலி நிலையத்திற்கு மிகுதியோ அந்நிலையமே சிறந்தது என்று வாதிடுவோர் இன்று எங்கும் உளர். மக்கள் விரும்புவதையே நிலையங்கள் வழங்குகின்றன. எண்ணிக்கை என்பது மக்கள் அளிக்கும் வாக்கு என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இது குடியாட்சியின் குரல் போலவே ஒலிக்கின்றது. ஆயினும், ஒலிப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா? இவ்வாதத்தை உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற உரைகல் நியூயார்க் மாநகரம். மக்கள்தொகை அளவில் அமெரிக்க வானொலிச் சந்தைகளுள் முதலிடம் வகிப்பது அதுவே.

அங்கு நடந்த போட்டியின் போக்கை முதலில் காண்போம். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இளைஞர் விரும்பிய புதுப்பாடல்களை ஒலிபரப்பி நகரையே தன் வயப்படுத்தியிருந்தது டபிள்யூ.ஏ.பி.சி. நிலையம். 1978 ஜூலையில் டபிள்யூ.கே.டி.யூ. என்னும் பண்பலை நிலையம் மென்பாடல்களைக் கைவிட்டு டிஸ்கோ இசைக்குத் தாவியது. சில திங்களுக்குள் அதுவே முதலிடத்தைப் பற்றிக்கொண்டது. தோற்ற நிலையம் 1982 மே 10 அன்று இசையையே துறந்து உரையாடல் நிலையமாயிற்று. வென்ற நிலையமாவது நிலைத்ததா? 1985இல் அதுவும் தன் பெயரையும் இசையையும் மாற்றிக்கொண்டது. எண்ணிக்கையைத் துரத்திச் சென்றவர்க்கு எண்ணிக்கையும் துணை நிற்கவில்லை.

இனி, 'வாக்கு' என்னும் வாதத்திற்கு வருவோம். தேர்தலில் வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குண்டு. நேயர் கணக்கெடுப்பிலோ தேர்ந்தெடுக்கப்பட்ட சிலர்க்கு மட்டுமே இடமுண்டு. ஆர்பிட்ரான் நிறுவனம் நெடுங்காலம் அச்சிலருக்கு ஒரு வாரக் குறிப்பேடு கொடுத்து, கேட்ட நிலையங்களை எழுதச் செய்தது. பின்னர் ஒலியில் மறைந்துள்ள குறியீட்டைத் தானே உணர்ந்து பதிவு செய்யும் சிறு கருவி வந்தது. சிலரைக் கொண்டு பலரை அறிதல் அறிவியல் முறையே, அதிற் குறையில்லை. ஆனால், அச்சிலர் பலருக்கும் உரிய சார்பாளராக அமைதல் வேண்டும். 2008 அக்டோபரில் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்குரைஞர் ஆண்ட்ரூ குவோமோ அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். கறுப்பின மக்களும் இஸ்பானிய மொழியினரும் புதிய முறையில் குறைவாகவே கணக்கிடப்படுகின்றனர் என்பது குற்றச்சாட்டு. 2009 ஜனவரியில் தன் முறையைச் செம்மைப்படுத்த நிறுவனம் இசைந்து உடன்பாடு கண்டது. அளவுகோலே வழக்கு மன்றம் ஏறியபின், அவ்வளவுகோல் தந்த எண்ணை இறுதித் தீர்ப்பெனக் கொள்ளல் எங்ஙனம்?

எண்ணப்பட்டோரும் சமமாக மதிக்கப்படுகின்றனரா எனின், அதுவும் இல்லை. விளம்பரதாரர் பெரிதும் நாடுவது 25 முதல் 54 வயது வரையுள்ள நேயரையே. அறுபதைக் கடந்தவர் நாள் முழுதும் ஒரு நிலையத்தைக் கேட்பினும் வணிகர் கண்ணுக்கு அவர் பெரிதாகத் தெரிவதில்லை. 1972 முதல் பழைய பாடல்களைப் போற்றி வந்த டபிள்யூ.சி.பி.எஸ். பண்பலை, 2005 ஜூன் 3 அன்று திடீரென 'ஜாக்' என்னும் கலவை நிலையமாக மாற்றப்பட்டது. எண்ணிக்கை சரிந்தது, 2007 ஜூலை 12 அன்று பழைய பாடல்கள் திரும்பின. "சந்தையே தவற்றைத் திருத்திக்கொண்டது, பாரீர்!" என்பர் சந்தையைப் போற்றுவோர். திரும்பியவை எவை என்று அவர்கள் கூறுவதில்லை. ஐம்பதுகளின் பாடல்கள் பெரும்பாலும் புறந்தள்ளப்பட்டன. பிற்காலப் பாடல்களே முன்னிறுத்தப்பட்டன. முதியோரின் இளமைக்காலம் முழுமையாகத் திரும்பவில்லை.

போட்டி மிகுந்தால் பல்வகை நிகழ்ச்சிகள் மலரும் என்பது மற்றொரு வாதம். இதனை ஓர் எளிய கணக்கால் சோதிக்கலாம். ஓர் ஊரில் நூறு நேயர் உள்ளனர் எனக் கொள்க. எண்பதின்மர் துள்ளிசையை விரும்புகின்றனர். இருபதின்மர் செவ்விசையை விரும்புகின்றனர். நிலையங்களோ மூன்று. மூன்றும் துள்ளிசையையே ஒலிபரப்பினால் ஒவ்வொன்றுக்கும் இருபத்தாறு பேருக்கு மேல் கிடைப்பர். செவ்விசைக்குச் செல்லும் நிலையத்திற்கு இருபதின்மரே கிடைப்பர். அறிவுள்ள வணிகன் எதனைத் தேர்வான்? மூன்று நிலையங்கள் இருந்தும் அவ்விருபதின்மருக்கு ஒரு நிலையமும் இல்லை. போட்டி பன்மையை ஈனும் என்பார் இக்கணக்கிற்கு விடை கூறட்டும்.

இக்கணக்கின் உண்மையை நியூயார்க் நேயர்கள் பட்டறிந்தனர். செவ்விசை நிலையமாகிய டபிள்யூ.என்.சி.என். 1974 நவம்பரில் ராக் இசைக்கு மாற்றப்பட்டது. நேயர்கள் சங்கம் அமைத்துப் போராடினர். 1975 ஆகஸ்டில் செவ்விசையை மீட்டனர். ஆயினும் நிலையங்களின் நிகழ்ச்சி வகையைச் சந்தையின் போக்கிற்கே விட்டுவிடலாம் எனக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1976இல் கொள்கை வகுத்தது. அதனை எதிர்த்து அந்நேயர் சங்கம் தொடர்ந்த வழக்கில், 1981 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஒன்பதின்மருள் இருவர் மட்டுமே மாறுபட்டனர். 1993இல் அந்நிலையம் மீண்டும் ராக் இசைக்கு மாறியது. போராடிப் பெற்ற வெற்றியையும் காப்பதற்குச் சட்டத்தின் துணை வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்று அந்நகரில் செவ்விசைக்கென ஒரு நிலையம் ஒலித்துக்கொண்டிருக்கிறது, அதுவே டபிள்யூ.கியூ.எக்ஸ்.ஆர். அதனைக் காத்தது சந்தையன்று. 2009இல் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் அதனை விட்டு விலகியபோது, டபிள்யூ.என்.ஒய்.சி. என்னும் பொது வானொலி அமைப்பு 11.5 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. முன்னினும் ஆற்றல் குறைந்த அலைவரிசைக்கு நிலையம் இடம்பெயர நேர்ந்தது. எனினும் நேயர் நன்கொடையால் உயிர் வாழ்கிறது. விளம்பரப் பிடியிலிருந்து விலகியதனால் அது பிழைத்தது.

எண்ணிக்கையே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. எத்தனை பேர் கேட்கின்றனர் என்பதை எண் சொல்லும். அதனை அறிவதில் தீங்கில்லை. எது கேட்கத் தக்கது, எவர் கைவிடப்பட்டனர் என்பவற்றை எண் சொல்லாது. அளவைக் கருவியை அரியணையில் ஏற்றுவதே தவறு. வான்வெளி அலைகள் எவருடைய பாட்டன் சொத்தும் அல்ல; அவை பொதுவுடைமை. பொதுவுடைமையில் இருபதின்மருக்கும் பங்குண்டு.

தமிழாசிரியரும் மாணவரும் இதனைக் கடல் கடந்த ஊரின் கதையென ஒதுக்குதல் தகாது. இலக்கியப் பாடத்தைத் தேர்ந்தெடுப்போர் சிலரே என்பதற்காக எந்த நல்லாசிரியரும் அந்நூலை மூடி வைப்பதில்லை. பத்து மாணவர் வரினும் வகுப்பு நடந்தாக வேண்டும். சிறுபான்மையினர் மொழியும் கலையும் உலகெங்கும் உயிர்த்திருப்பது இவ்வுறுதியால்தான். தலைகளை மட்டும் எண்ணும் கணக்கிற்குத் தலைவணங்கும் நாளில், முதலில் அடங்கும் குரல் சிறுபான்மையினரின் குரலாகவே இருக்கும்.