வரப்பைத் தாண்டாத கள்ளும் வரப்பைத் தாண்டும் சட்டமும்

ஒரே தென்னை, ஒரே பாளை, சீவுகிற கத்தியும் ஒன்றுதான். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது தெளுவு. தடவாமல் விட்டால் தானாகவே புளித்துச் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். தெளுவை அரசு ஏற்றுக்கொள்கிறது. கள் என்றால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு. ஒரு விரல் சுண்ணாம்புதான் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி அடிவாரம் வரைக்கும் தென்னையோ பனையோ வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். இதை வைத்தே ஒரு பெரிய கேள்வியைப் பேசலாம்னு நினைக்கிறேன். ஒரு குடியானவனின் தோட்டத்துக்குள்ளும் வீட்டுக்குள்ளும் அரசு எவ்வளவு தூரம் வரலாம்?

என் கணக்கு வரப்புக் கணக்கு. வரப்பைத் தாண்டி அடுத்தவரைத் தாக்குகிற கேட்டை அரசு தடுத்தே ஆக வேண்டும். காசர்கோட்டில் முந்திரித் தோப்புகளுக்கு மேலிருந்து தூவிய எண்டோசல்பான், பக்கத்து ஊர்களையும் பிறக்கப் போகிற குழந்தைகளையும் சேர்த்துத் தாக்கியது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. அந்த இடத்தில் ‘என் தோட்டம், என் மருந்து’ என்று யாரும் பேச முடியாது. தடை வேணும்னு கேட்டவர்களில் இயற்கை உழவர்களும் உண்டு. ஆனால் வரப்புக்குள்ளேயே நின்றுவிடுகிற காரியத்தில், ஒருவன் என்ன விதைக்கிறான், என்ன உண்கிறான், தன் மரத்திலிருந்து எதை இறக்குகிறான் என்பதில், தடை போட நினைக்கிற அரசுதான் காரணம் சொல்ல வேண்டும்.

குடி வரப்பைத் தாண்டாதா என்று கேட்பீர்கள். தாண்டும். வாரக் கூலி வீடு வந்து சேராத குடும்பம் எந்த ஊரில் இல்லை? அடி வாங்கும் பெண்களிடம் போய் ‘இது தனிமனித உரிமை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. கள் போதைப்பொருள் ஆகாது, அது உணவு என்று கள் இயக்கத்தின் செ. நல்லசாமி பல ஆண்டுகளாக வாதாடி வருகிறார். நான் அந்த வாதத்துக்குள் போகவில்லை. கள்ளில் போதை உண்டு, அளவு மீறினால் கேடு உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அப்படி வைத்தாலும் இன்றைய சட்டத்துக்கு நியாயம் கிடைக்கவில்லை.

நாட்டுக்கே முன்னோடியாக மதுவிலக்கு வந்தது நம்ம சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. நாமக்கல் பகுதியும் அன்று சேலத்தோடு இருந்தது. கொண்டுவந்தவர் ராஜாஜி. குடியால் வருகிற காசு வேண்டாம் என்று விட்டுக்கொடுத்து, அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-ல் விற்பனை வரி போட்டார். அந்த முடிவை எதிர்த்துப் பேசலாம். இரட்டை வேடம் என்று சொல்ல முடியாது. அதற்கும் முன்னால், காங்கிரசில் இருந்த பெரியார் சேலம் தாதம்பட்டித் தோப்பில் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். தன் கொள்கைக்குத் தன் மரத்தைக் கொடுத்தார்.

இன்று நடப்பது என்ன? 1937-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது. 1983-ல் டாஸ்மாக் வந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மூடப்பட்டன. 2003-ல் சில்லறைக் கடைகளையே அரசு கையில் எடுத்துக்கொண்டது. 2023-24-ல் மட்டும் அதில் வந்த வருவாய் சுமார் 45,855 கோடி ரூபாய். அந்தக் கடையில் விற்கிற பிராந்தியில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். அன்று இறக்கிய கள்ளில் அதில் ஒரு சிறு பங்குதான். கடுமையானதை அரசு விற்கும், லேசானதை உழவன் இறக்கினால் குற்றம் என்றால், இதில் மக்கள் நலன் எங்கே இருக்கிறது? போட்டிக் கடையை மூடிவிட்ட வியாபாரியின் சட்டமாகத்தான் எனக்குத் தெரிகிறது. விற்பவனே காவலனாகவும் இருக்க முடியாது.

கள்ளில் கலப்படம் வரும் என்பது அரசுத் தரப்பின் பெரிய வாதம். வரும்தான். பாலில் யூரியா கலக்கிறார்கள் என்று யாரும் பாலைத் தடை செய்யவில்லை, கலப்படக்காரனைத்தான் பிடிக்கிறார்கள். தடை இருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். செத்தவர்களில் பலர் அன்றாடக் கூலிகள். மலிவாகவும் விஷமில்லாமலும் கிடைக்கக்கூடிய ஒன்றை மூடிவைத்தால், மலிவான விஷம் அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது.

இதில் பனையின் கதை இன்னும் வேடிக்கை. 1978 முதல் அது மாநில மரம். ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நல்லது, வரவேற்கிறேன். ஆனால் வெட்டவும் கூடாது, கள் இறக்கவும் கூடாது என்றால் மரமேறி எதை நம்பி அந்த மரத்தடிக்கு வருவார்? ஏற ஆள் இல்லாத பனையை எந்தச் சட்டமும் நெடுநாள் காப்பாற்றாது.

இன்னொன்றும் நம் கண்ணெதிரே நடந்தது. காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட மோனோகுரோட்டோபாஸ், மற்ற பயிர்களுக்கென்று உரிமத்தோடு பல ஆண்டுகள் கடையில் விற்றது. தென்னை வேரில் பை கட்டி ஏற்றினார்கள். கள் இறக்குகிற மரத்துக்கு அந்த விஷத்தை ஏற்ற எந்த உழவனுக்கும் மனசு வராது; பாளையில் வடிவதை அவனும்தானே குடிக்க வேண்டும்.

கேரளத்தில் கள்ளுக்கடைகள் உரிமத்தோடு நடக்கின்றன. 1969-லேயே கள் தொழிலாளர் நல நிதிக்குச் சட்டம் போட்டார்கள். அங்கும் கலப்படம் உண்டு, வழக்கும் உண்டு. தொழிலை ஒழிக்காமல் குற்றத்தைத் தனியே பிரித்துப் பிடிக்கிறார்கள். நமக்கும் அது போதும். கள் இறக்கும் மரங்களைப் பதிவு செய்யட்டும். அன்றன்று இறக்கியதை அன்றன்றே விற்கும்படி விதி வைக்கட்டும். மாதிரி எடுத்துச் சோதிக்கட்டும். கலந்தவனை உள்ளே தள்ளட்டும். ஊருக்குக் கடை வேண்டுமா என்பதைக் கிராமசபை முடிவு செய்யட்டும், அதில் பெண்களின் கை கட்டாயம் எண்ணப்பட வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் வேண்டாம் என்றால் நானும் தலையாட்டுவேன். அந்த முடிவு டாஸ்மாக் கடைக்கும் சேர்த்தே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.