சுவரில் எந்த இடம்?



சென்ற மாதம் கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். படலையைத் திறக்கும்போதே அந்த அம்மா, "பிள்ளை, முதல்ல உள்ளுக்கு வந்து இதைப் பாருங்கோ" என்று கூப்பிட்டார். மேசையில் ஒரு கன்வஸ் துணி சுருட்டியபடி இருந்தது. இருவருமாக விரித்தோம். அவருடைய மகனின் முகம். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தை ஸ்ரூடியோவில் கொடுத்து, துணியில் பெரிதாக அச்சடித்து வாங்கியிருக்கிறார். 2009 ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"இதை எங்க கொழுவுறது?" என்று கேட்டார்.

கேள்வி சாதாரணமானது போல இருந்தாலும், வீட்டில் இரண்டு கிழமையாக அதுதான் பிரச்சினை. மகளுக்குச் சம்பந்தம் பேசி வருகிறார்கள். படத்துக்கு மாலை போட்டுச் சாமியறையில் வைத்தால் வருகிறவர்களுக்குக் கேள்வி இருக்காது என்பது தாய்மாமனின் பேச்சு. "மாலை போட்டா நானே அவனை முடிச்சு வைச்ச மாதிரியெல்லோ" என்கிறார் தாய்.

சில வருடங்களுக்கு முன் இதுபோன்ற வேறொரு வீட்டில் நான் ஒரு பிழை விட்டேன். கணவனின் படத்தை ட்ரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்த ஒரு சகோதரியிடம், "வெளியில வைச்சாத்தானே மனம் ஆறும்" என்று சொல்லிவிட்டேன். அவர் பெட்டியை மூடினார். அதன் பிறகு மூன்று மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் படித்தவள்தான் நான். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் வேலை செய்தவர் அவர். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத துயரத்தைத் 'தெளிவற்ற இழப்பு' என்றார். அந்தக் குடும்பங்களை ஒரு முடிவுக்கு வா என்று நெருக்குவது உதவாது என்பதும் அவர் சொன்னதுதான். பரீட்சையில் எழுதினேன், வீட்டு வாசலில் மறந்துவிட்டேன்.

ஆகவே இம்முறை நான் இடத்தைச் சொல்லவில்லை. சட்டம் போடுவது பற்றி மட்டும் கதைத்தேன்.

கன்வஸ் படத்துக்குக் கண்ணாடி தேவையில்லை. எங்கள் மாரியின் ஈரத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். (அப்படி ஒட்டினால் இழுத்துப் பிரிக்க வேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்ரூடியோவில் பிரதி எடுக்கலாம்.) கன்வஸுக்குப் பின்னால் ஓர் உள்சட்டம் வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பி ஓர் அங்குல றீப்பையில் 12க்கு 18 அங்குலச் சட்டம் அடித்துத் தந்தார். துணியில் நாலு பக்கமும் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டிருந்தார்கள். அது இல்லாவிட்டால் முகத்தின் ஓரம் பின்னால் மடிந்துவிடும், அச்சடிக்கக் கொடுக்கும்போதே கேளுங்கள். மூலையில் தொடங்கக் கூடாது. ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு பின், எதிர்ப் பக்கத்தின் நடுவில் இழுத்து ஒரு பின், பிறகு மற்ற இரு பக்கங்கள், அப்படியே மூலையை நோக்கிப் போக வேண்டும். மூலைகளைக் கட்டில் விரிப்பை மடிப்பது போல மடித்தோம். பின்பக்கம் கீழ் மூலைகளில் பழைய செருப்பில் வெட்டிய இரண்டு றப்பர்த் துண்டுகளை ஒட்டினோம். படம் சுவரில் முட்டாமல் காற்று போகும், கறையான் ஏறினாலும் கண்ணில் படும்.

வெயில் நேரே படும் இடம், அடுப்புப் புகை, சாம்பிராணிப் புகை மூன்றும் கூடாது. தூசியைக் காய்ந்த மெல்லிய துணியால் தட்டுங்கள், ஈரத்துணி வேண்டாம். மண் சுவரென்றால் ஆணி நிற்காது, வளையில் கயிறு கட்டித் தொங்க விடலாம்.

மூலப் படத்தை மாத்திரம் சுவருக்குக் கொடுக்காதீர்கள். லமினேட் செய்யவும் வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது. விசாரணைக்கும் விண்ணப்பத்துக்கும் அதையே கேட்பார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் பின், மரணப் பதிவு செய்யாமலே, காணவில்லை எனக் குறிக்கும் சான்றிதழ் ஒன்றைப் பெற முடிகிறது. மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத தாய்மாருக்கு அது பெரிய விடயம். அந்தக் கடதாசிகளோடு மூலப் படத்தையும் ஒரு பொலித்தீன் உறையில் வையுங்கள்.

ஸ்ரூடியோக்காரர் கோட்டும் ரையும் போட்டுத் தரவா என்று கேட்டாராம். "அவன் ஒரு நாளும் போடேல்லை" என்று அம்மா மறுத்துவிட்டார். அந்தக் கசங்கிய சேர்ட் கொலரே எனக்கும் பிடித்திருந்தது.

இடத்தைக் கடைசியில் சொன்னது மகள். அதுவரை குசினி வாசலில் நின்றவள், "விறாந்தையில சாரல் அடிக்கும். ஹோலில இருக்கட்டும், மாலை வேண்டாம். வாறவை கேட்டா நான் சொல்லுறன், அண்ணாவைத் தேடிக்கொண்டிருக்கிறம் எண்டு" என்றாள். மாமன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சம்மதித்தார் என்றும் நான் எழுத மாட்டேன்.

ஆணி அடிக்கும்போது அம்மா பாயில் இருந்து பார்த்தார். அவர் தையல் வேலை செய்வது அந்தப் பாயில்தான். கண்காட்சி மண்டபங்களில் படத்தின் நடுப்பகுதி நிலத்திலிருந்து ஏறக்குறைய 57 அங்குலத்தில் வரும்படி கொழுவுவார்கள், அந்தக் கணக்கில் நான் பென்சிலால் குறித்திருந்தேன்.

"இன்னும் ஒரு சாண் கீழ, பிள்ளை" என்றார்.