மழைக்கு முன் வீடும் வாகனமும்



ஐப்பசி, கார்த்திகை மழை நம் கடற்கரை ஊர்களுக்குப் புதிதன்று. ஆயினும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்கள் கண்டதை வழக்கமான மழை என்று எவரும் சொல்லார். காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் வெளியேற வழியின்றித் தவித்தனர். ரயிலுக்கே அந்த நிலை எனில், நம் வாசலில் நிற்கும் வாகனம் எம்மாத்திரம்?

நம் குடும்பங்களுக்கென்று தனியானதொரு சிரமமும் உண்டு. வீட்டுத் தலைவர் துபாயிலோ, ஜித்தாவிலோ இருப்பார். வீட்டில் வயது முதிர்ந்த மாமியார், இரண்டு பிள்ளைகள், அவர்களைத் தாங்கி நிற்கும் ஒரு பெண். மின்சார மெயின் சுவிட்ச் எங்கிருக்கிறது, காரின் மாற்றுச் சாவி எந்த அலமாரியில் உள்ளது என்பதெல்லாம் கடல் கடந்து இருப்பவருக்கே தெரியும். வெள்ளத்தின்போது தொலைபேசிக் கோபுரங்களும் செயலிழப்பதால் அவரைக் கேட்டறியவும் இயலாது. ஆகவே அடுத்த விடுமுறையில் வருபவர் அத்தர் புட்டிகளைப் பங்கிட்டு முடித்த கையோடு, மெயின் சுவிட்சை அணைக்கவும், கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றவும் வீட்டிலுள்ளோருக்குக் கற்றுக்கொடுப்பாராக. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் இது தெரிந்திருப்பது நலம்.

பத்திரங்களைக் கீழ்த்தட்டில் வைப்பது நம்மவர் வழக்கம். பீரோவின் அடியறைதான் பத்திரமான இடம் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை; வெள்ளம் முதலில் நுழைவது அங்கேதான். வீட்டுப் பத்திரம், பட்டா, பாஸ்போர்ட், குடும்ப அட்டை, ஆதார், நிக்காஹ் பதிவுச் சான்று, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை நீர் புகாத பையிலிட்டு, பரணிலோ மாடியிலோ வையுங்கள். அவற்றின் படங்களை வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

குடிநீர் ஆளொன்றுக்கு நாளைக்கு நான்கு லிட்டர் என்று கணக்கிட்டு, மூன்று நாட்களுக்குச் சேமியுங்கள். சுற்றிலும் வெள்ளம் நிற்கையில் குடிக்க ஒரு குவளை நீர் இல்லாமற் போவதே பெருந்துயரம். அவல், பொட்டுக்கடலை, ரஸ்க், பேரீச்சம்பழம் என அடுப்பின்றி உண்ணத்தக்கவை போதும். பால்மாவும், பெண்களுக்கான அத்தியாவசியப் பொருட்களும் பட்டியலில் விடுபட்டுவிடுகின்றன. ஆண்கள் எழுதும் பட்டியல் அப்படித்தான் இருக்கும்!

இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் இல்லாத வீடு இன்று அரிது. மின்சாரம் நின்றால் குளிர்சாதனப் பெட்டி வெறும் அலமாரிதான். மருந்தைச் சிறு டப்பாவில் இட்டு மூடி, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். பனிக்கட்டியின்மேல் நேராக வைத்தால் உறைந்து கெட்டுவிடும். டயாலிசிஸ் செய்துகொள்பவரும், நிறைமாதக் கர்ப்பிணியும் புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே மருத்துவமனைக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றுவிடுவது நல்லது. முழங்கால் நீரில் கட்டிலோடு தூக்கிச் செல்லும் நிலை எவருக்கும் வர வேண்டாம்.

இனி வாகனம். மழைக்காலம் முழுவதும் எரிபொருள் தொட்டி பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். மின்சாரம் போனால் பல பெட்ரோல் பங்குகள் இயங்குவதில்லை. ஆனால் கேனில் பெட்ரோல் வாங்கி வீட்டில் வைக்கும் விபரீதம் வேண்டாம். தாழ்வான தெருவில் வசிப்போர் முன்கூட்டியே மேட்டு நிலத்தில் காரை நிறுத்திவிடுங்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை கேட்ட வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தின்மீது கார்களை வரிசையாக நிறுத்தினர். சிலர் நகைத்தனர். அதற்கு முந்தைய ஆண்டு மிக்ஜாம் புயலில் காரை இழந்தவர்கள் நகைத்திருக்க மாட்டார்கள்.

ஓடும் வெள்ளம் ஓரடி உயரம் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். இரண்டடி பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும். ரயில்வே சுரங்கப்பாதைகள் இன்னும் கொடியவை. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அத்தகைய பாதையொன்றில் தேங்கிய நீரில் கார் மூழ்கி ஓர் உயிர் பறிபோயிற்று. ஆழம் தெரியாத நீரில் இறங்காதீர்கள்; முன்னே பேருந்து சென்றது என்பது உங்கள் காருக்குச் சான்றாகாது. தவறிச் சிக்கினால், மின்விசைக் கண்ணாடி இயங்கும் சில நொடிகளுக்குள் இடைவார்களைக் கழற்றி, ஜன்னல் வழியே பிள்ளைகளை முதலில் வெளியேற்றுங்கள். இயங்காவிடில் பக்கக் கண்ணாடியை உடைக்க வேண்டும்; முன்கண்ணாடி எளிதில் உடையாது. அதற்கெனச் சிறு சுத்தியல் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், டிக்கியில் அன்று.

2024 ஏப்ரல் 16 அன்று அமீரகத்தில் பெய்த மழை, 1949இல் பதிவுகள் தொடங்கியது முதல் அங்கு காணாதது. நெடுஞ்சாலைகளில் கார்கள் மிதந்த காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வெள்ளத்தில் நின்றுபோன வண்டியை, நீர் வடிந்ததும் ஆவலோடு ஸ்டார்ட் செய்து பார்ப்பவர் எங்கும் உளர். உருளைக்குள் புகுந்த நீரைப் பிஸ்டனால் அழுத்த இயலாது. உட்பாகங்கள் வளைந்து எஞ்சினே பாழாகும். பேட்டரி இணைப்பைத் துண்டித்து, கட்டியிழுத்துப் பணிமனைக்குக் கொண்டுசெல்வதே முறை. எஞ்சினுக்கான பாதுகாப்பு, சாதாரணக் காப்பீட்டில் பெரும்பாலும் அடங்காது. தனியாகச் சேர்க்க வேண்டும். பாலிசியை இப்போதே எடுத்துப் பாருங்கள். சேதம் நேர்ந்தால், சேற்றைக் கழுவுமுன் நீர் நின்ற அளவு தெரியுமாறு படம் எடுத்து, உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.