கேள்வி கேட்ட பிள்ளையும் கோபித்த மௌலவியும்

 

சென்ற மாதம் ஒரு மாணவனின் வாப்பா பாண்டிருப்புச் சந்தியில் என் சைக்கிளை மறித்து, "மௌலவி, வகுப்பில புள்ளைகள வட்டமா இருத்திக் கதைக்க விடுறீங்களாம். நோட்ஸ் குடுக்கிறல்லயா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. சாதாரண தரப் பரீட்சை வருகிறது. டியூஷனுக்கும் பணம் கட்டுகிறார். வெயிலில் நின்று அவருக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஒரு நூலைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொள்வது. நாலைந்து பிள்ளைகள் ஒரு குழுவாகி, ஒரு பகுதியை வீட்டில் வாசித்து வந்து, வகுப்பில் அதைப் பற்றித் தமக்குள் கலந்துரையாடுவது. 1994ல் அமெரிக்காவின் ஹார்வி டேனியல்ஸ் என்பவர் இது பற்றி எழுதிய நூல் ஆசிரியர்களிடையே நன்கு பரவியது. கேள்வி தயாரிப்பவர், சிறந்த இடங்களைத் தெரிவு செய்பவர், படம் வரைபவர், வாழ்க்கையோடு தொடர்புபடுத்துபவர் என்று பிள்ளைகளுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது அதில் உள்ள ஒரு முறை. 2002ல் வந்த இரண்டாம் பதிப்பில், அந்த வேலைத் தாள்களே பேச்சை இயந்திரமாக்கி விடலாம் என்று அவரே எச்சரித்தார். நமது நாட்டில் 2007ன் பாடத்திட்டச் சீர்திருத்தத்தோடு வந்த குழுச் செயற்பாடுகளுக்கும் பல இடங்களில் அதே கதிதான். டிமை தாளில் ஒரு பிள்ளை எழுதும், நான்கு பிள்ளைகள் பார்த்திருக்கும்.

ஆனால் இது மேல்நாட்டாரின் கண்டுபிடிப்பு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அரபுக் கல்லூரியில் ஓதியவர்களுக்கு முதாலஆவும் தக்ராரும் தெரியும். பாடத்துக்கு முன் கிதாபைத் தானே பார்த்து வருவது முதாலஆ. பாடம் முடிந்த பின் மாணவர்கள் கூடியிருந்து, ஒருவர் பாடத்தைத் திரும்பச் சொல்ல மற்றவர்கள் அவரை மடக்குவது தக்ரார். ஹஸ்ரத் சொன்னபோது விளங்காதது, பக்கத்துப் பாயில் இருந்தவன் சொன்னபோது எனக்கு விளங்கியிருக்கிறது. மாணவர்கள் தமக்குள் விவாதித்துக் கற்பதை இமாம் ஸர்னூஜி (ரஹ்) அவர்கள் 'தஃலீமுல் முதஅல்லிம்' என்ற சிறு கிதாபில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வலியுறுத்தி விட்டார்கள். கூபாவில் இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் மஜ்லிஸில் மாணவர்கள் வாதாடினார்கள். அபூயூஸுப், முஹம்மத், ஸுபர் (ரஹ்) ஆகியோர் தம் உஸ்தாதோடு கருத்து வேறுபட்ட இடங்களை ஹனபி மத்ஹபின் கிதாபுகள் மறைக்கவில்லை. நாம் ஷாபிஈகள் என்றாலும் அந்த அழகை ரசிக்கத் தடையில்லையே!

இத்தனையும் ஓதியிருந்த நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் பத்தாம் தரத்தில் ஸூரத்துல் கஹ்பில் வரும் மூஸா (அலை), ஹிழ்ர் (அலை) அவர்களின் சம்பவத்தைக் குழுக்களுக்குக் கொடுத்தேன். மரக்கலம் ஒரு குழுவுக்கு, சிறுவன் ஒரு குழுவுக்கு, சுவர் ஒரு குழுவுக்கு. சிறுவன் கொல்லப்பட்ட பகுதியை வாசித்த குழுவில் ஒரு மகள் எழுந்து, "மௌலவி, காரணத்த மூஸா நபிக்குச் சொன்னாங்க. அந்தப் புள்ளட உம்மாக்கு யார் சொன்னது?" என்று கேட்டாள். வகுப்பு அமைதியாகி விட்டது. எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. "அல்லாஹ்வின் ஏற்பாட்டில் இப்படிக் கேள்வி கேட்பது அதபா?" என்று அதட்டி இருத்தினேன். அதன் பின் அந்தத் தவணை முழுவதும் அவள் வாய் திறக்கவில்லை. அவள் குழுவும் பேச்சைக் குறைத்துக் கொண்டது.

அவள் பிறக்கு முன்பே, 2004 டிசம்பர் 26ன் சுனாமியில், அவளுடைய காக்கா ஒருவர் நாலு வயதில் போய்விட்டார் என்பதை மறு தவணையில்தான் ஒரு டீச்சர் சொல்லி அறிந்தேன். அந்தப் பிள்ளை கேட்டது தர்க்கமல்ல. தன் வீட்டில் உம்மா கேட்டுக் கொண்டிருந்த கேள்வி.

அன்றிரவு அந்த ஆயத்துக்களைத் திரும்ப ஓதினேன். அதிலே மூன்று தடவையும் பொறுக்க முடியாமல் வாய் திறந்தவர் ஒரு நபியல்லவா? ஹிழ்ர் (அலை) அவர்கள் அவர்களைப் பிரியும் முன், ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லி விட்டுத்தான் பிரிகிறார்கள். நானோ விளக்கமும் சொல்லவில்லை, 'எனக்குத் தெரியாது' என்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும், "அன்று கேட்டது நல்ல கேள்வி, கோபித்தது என் பிழை" என்றேன். அந்த உம்மாவுக்குச் சொல்லப்பட்டதாகக் குர்ஆன் கூறவில்லை என்பதையும், அந்தப் பெற்றோருக்கு அவனிலும் பரிசுத்தமான, அன்பில் நெருக்கமான ஒரு பிள்ளையை இறைவன் மாற்றிக் கொடுக்க நாடியதாக 81வது ஆயத்தில் வருவதையும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கொப்பியில் ஆயத்தின் இலக்கத்தை மட்டும் குறித்துக் கொண்டாள்.

அதன் பின் நான் கடைப்பிடிப்பது ஒன்று உண்டு. குழுக்கள் கதைக்கும்போது நான் கதைப்பதில்லை. ஜும்ஆவில் பயான் செய்து பழகிய வாய்க்கு இது நோன்பிலும் கஷ்டம்! கொப்பியோடு சுற்றி நடந்து பிள்ளைகளின் கேள்விகளை எழுதிக் கொள்வேன். கடைசிப் பத்து நிமிடந்தான் எனக்கு. ஒரு பாடவேளை இதற்குப் போதாது, இரட்டைப் பாடவேளை வேண்டும். நூல் எல்லோருக்கும் கிடைக்காது. ஒரு குழுவுக்கு ஒரு பிரதி, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை வாசித்துக் காட்ட வேண்டும். நன்றாக வாசிக்கத் தெரியாத பையன்தான் பல நேரம் கூர்மையாகக் கேட்கிறான். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அடுத்த கவலை புள்ளிதானே.

மார்க்க நூல்களோடு மட்டும் நிறுத்த வேண்டும் என்றில்லை. அறிஞர் சித்திலெப்பை (ரஹ்) அவர்கள் 1885ல் வெளியிட்ட 'அஸன்பேயுடைய சரித்திரம்' நாவலை ஒரு குழுவுக்குக் கொடுத்தேன். பழைய தமிழ் என்று முதலில் முனகினார்கள். பிறகு ஒருவன் கேட்டான்: "கண்டில இருந்தவர் எழுதின கதை ஏன் சேர் எகிப்துல தொடங்குது?" பதிலை நான் சொல்லவில்லை, தேடி வரச் சொன்னேன். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற உராபி பாஷா 1883ல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டதையும், அவருக்கும் சித்திலெப்பைக்கும் இருந்த நட்பையும், முஸ்லிம்களின் கல்விக்காக அவ்விருவரும் பாடுபட்டதையும், 1892ல் கொழும்பில் தோன்றிய மத்ரஸாவே இன்றைய ஸாஹிறாக் கல்லூரி என்பதையும் ஒரு வாரத்தில் கொண்டு வந்து விட்டார்கள். நோட்ஸில் கொடுத்திருந்தால் நாலு வரி. பரீட்சையோடு மறந்திருப்பார்கள்.

சந்தியில் மறித்த அந்த வாப்பாவின் மகனும் அந்தக் குழுவில் இருந்தவன்தான். உராபி பாஷா பற்றி வீட்டில் கதைத்தானா என்று கேட்டேன். "அத ஏன் கேக்கிறீங்க மௌலவி, சோறு திங்கக்குள்ளயும் அந்தக் கதைதான்" என்றார். நோட்ஸும் வேண்டும் என்பதில் மாத்திரம் அவர் விட்டுக் கொடுக்கவில்லை. வியாழக்கிழமைகளில் கொடுப்பதாக ஒப்புக் கொண்டு வந்தேன்.