ஐ7 எண்டா போதுமா?

கம்பஸ் கிடைத்ததும் வீட்டுக்கு வரும் முதல் பெரிய செலவு லப்டொப். மகாபொல உதவித்தொகை 2025இல் 7,500 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் ஒன்றரை இலட்சத்துக்கு ஒரு லப்டொப் எடுத்தால் 20 தவணை மகாபொல அதோடு சரி. அதனால் பல வீடுகளில் ஒரு சோடி காப்பு அடகுக்குப் போகும், இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கும் மாமாவுக்கு ஒரு கோல் போகும். இப்படி வரும் காசை எதில் போடுகிறோம் என்று நாங்கள் கொஞ்சம் நிதானமாகக் கதைக்க வேண்டும்.

2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11இற்கு மாற டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால், ஒருசில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறை புரொசசராவது இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கணினிகள் ஒரே நாளில் 'பழசு' ஆகிவிட்டன.

அப்படிக் கழிபடுபவை செக்கண்ட் ஹாண்டாக எங்களிடம்தான் வந்து சேரும். "ஐ7 தம்பி, யோசிக்காம எடுங்கோ" எண்டு சொல்லுவினம். ஐ7 எண்டது தரத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. வயது பின்னால் வரும் இலக்கத்தில் இருக்கிறது. ஐ7-6600யூ ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. ஐ3-8130யூ எட்டாம் தலைமுறை, பட்டியலில் இருக்கிறது. ஐ5-7200யூவில் இரண்டு கோர், ஐ5-8250யூவில் நான்கு. பெயரில் இரண்டும் ஐ5தான்.

புதிது விற்பவர்கள் 'ஏ.ஐ. லப்டொப்' என்கிறார்கள். அதில் ஏ.ஐ. வேலைக்கென்று தனியாக ஒரு பகுதி இருப்பது உண்மை. ஆனால் நாங்கள் பிரவுசரில் திறக்கும் சட்ஜிபிடி அந்தப் பகுதியில் ஓடுவதில்லை. எங்கேயோ இருக்கும் சேர்வரில் ஓடுகிறது. பி.டி.எப். வாசிக்க, அசைன்மென்ட் டைப் பண்ண, சூமில் இருக்க அது தேவையில்லை.

எங்கள் கருத்து இதுதான்: சந்தையின் நாட்காட்டியைப் பார்த்து வாங்கக் கூடாது, செய்யும் வேலையைப் பார்த்து வாங்க வேண்டும். கையில் ஒரு கணினி இருந்தால், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். விண்டோஸ் 10இல் இருப்பவர்கள் பதிவுசெய்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு லினக்ஸ் இருக்கிறது. லிப்ரே ஒபிஸில் செய்ததை வேர்டில் திறந்தால் பக்க அமைப்பு கொஞ்சம் ஆடும், பி.டி.எப்.ஆக அனுப்பினால் அந்தப் பிரச்சினை இல்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. புவியியல் படிப்பவருக்கு ஆர்க்ஜிஐஎஸ் புரோ வேண்டுமென்றால் விண்டோஸ் இல்லாமல் முடியாது. கியூஜிஐஎஸ் போதுமென்றால் லினக்ஸிலும் ஓடும். கணினியே இல்லாதவரிடம் "பொறுத்து வாங்குங்கோ" என்று சொல்வதும் நியாயமில்லை. 2025 இறுதியிலிருந்து றாம் விலை ஏறிக்கொண்டு போனதையும் பார்த்தோம். அவர்கள் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத, எஸ்.எஸ்.டி. போட்ட பழைய லப்டொப் ஒன்றை இப்போதே எடுக்கலாம்.

ஆனால் இதையெல்லாம் ஒவ்வொரு வீடும் தனித்தனியே தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமா? எந்தப் பாடத்துக்கு என்ன மென்பொருள், அதற்குக் குறைந்தது எப்படிப்பட்ட கணினி வேண்டும் என்று பீடங்கள் ஒரு பக்கத்தில் எழுதி, புதிய மாணவர்கள் வருவதற்கு முன்பே கொடுக்கலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. அந்த ஒரு பக்கம் சில வீடுகளில் அந்தக் காப்பை அடகுக்குப் போகாமல் காப்பாற்றும்.