ஆரோக்கியப்பச்சையும் காப்புரிமை அளவுகோலும்

திருவனந்தபுரம்: புதியது என்பதற்காக மட்டும் ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைத்துவிடாது. அத்துறையில் தேர்ச்சி பெற்ற ஒருவருக்கு அது எளிதில் புலப்படக்கூடியதாகவும் இருத்தல் கூடாது. அந்த 'ஒருவர்' யார் என்பதில்தான் சிக்கல்.

1987-ல் அகத்திய மலைக் காடுகளுக்குச் சென்ற விஞ்ஞானி புஷ்பாங்கதன் குழுவினர், வழிகாட்டிகளாக வந்த காணிப் பழங்குடியினர் ஏதோ ஒரு செடியின் காய்களைத் தின்று களைப்பின்றி மலையேறுவதைக் கண்டனர். அச்செடியே ஆரோக்கியப்பச்சை. அதன் இலையுடன் வேறு மூன்று மூலிகைகளைச் சேர்த்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கியது, திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம். 1995-ல் தயாரிப்பு உரிமம் ரூ. 10 லட்சத்துக்குக் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு அளிக்கப்பட்டது. உரிமத் தொகையிலும் 2 சதவீத ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என முடிவானது.

இத்தகைய மருந்துக்கு இன்று காப்புரிமை கோரினால் என்னவாகும்? பாரம்பரிய அறிவு கண்டுபிடிப்பாகாது என்கிறது சட்டத்தின் 3(பி) பிரிவு. பயன் முன்பே அறியப்பட்ட தாவரத்தின் சாற்றைப் பிரித்தெடுப்பதில் புத்தாக்கம் இல்லை என்கின்றன காப்புரிமை அலுவலகத்தின் 2012-ம் ஆண்டு வழிகாட்டு நெறிகள். ஆனால் காணிகள் தின்றது காயை. மருந்தில் சேர்ந்தது இலை. காயிலிருந்து இலைக்குச் செல்வது காட்டை அறிந்தவருக்கு எளிதா, ஆய்வகத்தில் இருப்பவருக்கு எளிதா?

இதை ஒரே வரியில் மறுத்துவிட முடியாது. முன்பே அறியப்பட்டது எது, விண்ணப்பத்தில் உள்ளது எது, முன்னதிலிருந்து பின்னது எவ்வாறு எளிதில் புலப்படும் என்ற மூன்றையும் ஆணையில் விளக்க வேண்டும் என 2022-ல் அக்ரிபோர்டு வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரள விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது சென்னை அலுவலகம். அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டபின், அந்த அலுவலக ஆணைகள் மீதான மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே செல்கிறது.

மஞ்சள் விவகாரம் வேறு வகை. புண் ஆற்றும் மஞ்சளுக்கு 1995-ல் அமெரிக்கா அளித்த காப்புரிமை, இந்தியா எழுத்துச் சான்றுகளை அடுக்கிய பிறகே 1997-ல் ரத்தானது. வெளிநாட்டார் வாய்மொழி அறிவை அன்றைய அமெரிக்கச் சட்டம் பொருட்படுத்தவில்லை. நமது சட்டம் அதையும் ஆட்சேபணைக்கு ஆதாரமாக ஏற்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும், காப்புரிமையைத் தடுக்க உதவும் அதே அறிவு, காப்புரிமைச் சட்டத்தின்கீழ் காணிகளுக்கு ஒரு பைசா பங்கும் பெற்றுத் தருவதில்லை. பங்கு கேட்க அவர்கள் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தைத்தான் நாட வேண்டும்.